நெய்தலைக் காக்கும் பணி குறிஞ்சியில் தொடங்குக!

(கச்சிராயபாளையத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

“மொழியைக் காக்கப் புறப்பட்டவர்களுக்கு ஏரியிலும் ஆற்றிலும் என்ன வேலை?” என்று சிலர் கேட்கின்றனர். அவர்களுக்கு முதலில் விடை சொல்லிவிட்டு மேலே செல்கின்றேன். தூம்பு, குமிழி, மதகு, கலிங்கு, தாங்கல், ஏந்தல், கூவல், கேணி, ஊருணி என்று நீரோடு தொடர்புடைய சொற்கள் தமிழில் எத்தனை எத்தனை! இச்சொற்கள் அகரமுதலியில் பிறந்தவை அல்ல, ஏரிக்கரையில் பிறந்தவை. கலிங்கு இடிந்து மண்மேடாகிய ஊரில் பிறக்கும் பிள்ளை ‘கலிங்கு’ என்னும் சொல்லை எங்கே கேட்கும்? கேட்டாலும் எதைப் பார்த்துப் பொருள் கொள்ளும்? பொருள் அழிந்தபின் சொல் மட்டும் மக்கள் வாயில் வாழ்வது அரிது. ஆதலால் நீரைக் காப்பதும் மொழியைக் காப்பதும் இருவேறு வினைகள் அல்ல.

நம் ஆறுகளின் பெயர்களையே எண்ணிப் பாருங்கள். இந்தக் கச்சிராயபாளையத்தை ஒட்டிக் கட்டப்பட்ட அணைக்கும் ஆற்றுக்கும் ‘கோமுகி’ என்று பெயர். மணிமுத்தாறு ‘மணிமுக்தா நதி’ ஆயிற்று. அவ்வாறு பாயும் முதுகுன்றம் ‘விருத்தாசலம்’ ஆயிற்று. பெயர் பறிபோனதை நாம் ஐம்பது ஆண்டுகளாகப் பேசி வருகின்றோம், பேசத்தான் வேண்டும். ஆனால், பெயர் போன ஆற்றில் இப்பொழுது நீரும் நீரின் தூய்மையும் போய்க்கொண்டிருக்கும்போது, பெயரை மட்டும் மீட்டு என்ன செய்வோம்? தூய தமிழ்ப் பெயரால் ஒரு சாக்கடையை அழைப்பதற்காகவா நாம் இயக்கம் நடத்துகின்றோம்?

தோழர்களே! கல்வராயன் மலையில் பெய்யும் மழை எங்கே போகின்றது? கோமுகி ஆறாய் இறங்கி, இங்குள்ள அணையில் தங்கி, கள்ளக்குறிச்சியைக் கடந்து, மணிமுத்தாற்றோடு கூடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலை அடைகின்றது. மலை குறிஞ்சி, மலையடிக் காடு முல்லை, கரும்பும் நெல்லும் விளையும் சமவெளி மருதம், பரங்கிப்பேட்டைக் கழிமுகம் நெய்தல். நம் முன்னோர் வகுத்த நானிலத்தையும் ஒரே நீர்த்தாரை கோத்துக்கொண்டு செல்கின்றது. அந்தத் தாரையை எங்கே கெடுத்தாலும் அதற்குக் கீழுள்ள நிலம் முழுவதும் கெடும்.

இங்குள்ள அணை 1960-களின் நடுவில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்மட்ட உயரம் 46 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 56 கோடிக் கன அடி. பழைய பாசனமும் புதிய பாசனமுமாக 10,860 ஏக்கர் நிலம் இதனை நம்பி நிற்கின்றது. மலைச்சரிவில் மரம் குறையக் குறைய, மழைநீரோடு மண்ணும் இறங்கி அணைக்குள் படிகின்றது. படிந்த மண்ணின் அளவுக்கு நீருக்கு இடம் குறைகின்றது. இஃது எந்தப் பொறியியலாளரும் சொல்லாமலே உழவனுக்குத் தெரிந்த கணக்கு. மலையில் சரிவைக் காக்க ஓர் உருபா செலவிடாதவன், அணையில் மண்ணை அள்ளப் பல உருபா செலவிட வேண்டியவனாகின்றான்.

இனி ஆற்றின் மறுமுனைக்கு வாருங்கள். வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு உள்ளது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அக்காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் பெரும் அழிவினின்று தப்பின என்பதை நாடறியும். 2022-இல் அது பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், அக்காடு ஒரு காலத்தில் திட்டுத் திட்டாகப் பட்டுப்போயிற்று. கரணியம் என்ன? வெள்ளையர் காலந்தொட்டு மரங்களை ஒட்ட வெட்டினர். வெட்டிய நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. அதனுள் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்ற, உப்பு மிகுந்தது. புதிய கன்று முளைக்கவில்லை. மேலிருந்து வரும் நன்னீரும் குறைந்தமையால் உப்பைக் கழுவ ஆள் இல்லை. 1990-களில் எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கூடி, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, கடலேற்ற நீர் வந்து போகுமாறு செய்தபின் மீண்டும் காடு தழைத்தது. ஊர்மக்கள் கையில் மண்வெட்டியும் பொறுப்பும் கொடுக்கப்பட்டமையாலேயே அந்தப் பணி நிலைத்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டரசு 2023-24ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், உலக வங்கியின் துணையோடு, ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 2,000 கோடி உருபாவில் ‘நெய்தல் மீட்சி இயக்கம்’ நடத்தப்படும் என்று அறிவித்தது. கடற்கரையைக் காக்கும் திட்டத்திற்கு நெய்தல் என்னும் பழந்தமிழ்ப் பெயரைச் சூட்டியதை நாம் மனமுவந்து பாராட்டுகின்றோம். ஆனால், ஒரு கேள்வி. நெய்தலை மீட்கும் பொருள் நெய்தலில் மட்டும் செலவாக வேண்டுமா?

2019 நவம்பர் 26-ஆம் நாள்வரை நாம் விழுப்புர மாவட்டத்தார். அம்மாவட்டத்திற்கு மரக்காணத்தில் கடற்கரை உண்டு. ஆகவே அன்றுவரை நாம் கடலோர மாவட்டத்தார். அன்றைய நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. மறுநாள் முதல் நாம் கடலற்ற மாவட்டத்தார். கடலோர மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் பொருளில் நமக்கு இடமில்லை. ஆனால், அலுவலகக் கோடு மாறிய செய்தி ஆற்றுக்குத் தெரியுமா? கல்வராயன் மலை மண்ணும், கள்ளக்குறிச்சிக் கழிவும், கரும்பு வயலினின்று வடியும் உர உப்பும் மாவட்ட எல்லையில் நின்று இசைவுச் சீட்டு வாங்கிக்கொண்டா கடலுக்குப் போகின்றன?

வெள்ளாற்றின் மற்றொரு தலைப்பை எண்ணுங்கள். ஆத்தூர் வழியாக வரும் வசிட்டாறு வெள்ளாற்றின் தாயாறுகளுள் ஒன்று. 2018-இல் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் கெட்டுப்போன ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டில் ஆறு பகுதிகளைக் குறித்தது. அவற்றுள் வசிட்டாறும் ஒன்று. அதுவும் மிகக் கெட்டவை என்னும் முதல் வரிசையில். நகரக் கழிவுநீரும் சவ்வரிசி ஆலைக் கழிவும் சேர்ந்து செய்த கேடு அது. மேலே நஞ்சைக் கலந்துவிட்டுக் கீழே பல கோடி கொட்டிக் கடற்கரையைக் கழுவுவது, ஓட்டைக் குடத்தில் நீர் முகப்பதை ஒக்கும்.

உலகில் இதனை உணர்ந்து செய்தவர்கள் இருக்கின்றனர். அமெரிக்காவின் நியூயார்க்கு நகருக்குக் குடிநீர் கேட்சுகில், தெலவேர் மலைப் பகுதிகளினின்று வருகின்றது. அந்நீரைத் தூய்மை செய்யப் பெரும் வடிகட்டு நிலையம் கட்டும் நிலை வந்தபோது, அந்நகரம் 1997-இல் மலைப்பகுதி ஊர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. கீழுள்ள நகரம் பணம் கொடுத்தது. மேலுள்ள ஊர்கள் கழிவுநீரைச் சீர்செய்தன. காட்டையும் ஆற்றங்கரையையும் காத்தன. பல நூறு கோடி தாலர் பிடிக்கும் நிலையத்தை அந்த நீருக்குக் கட்டும் தேவை நீங்கிற்று. பயன் பெறுவோன் பொருள் தருவான். ஊற்றைக் காப்போன் கூலி பெறுவான். இதுதான் நயன்மை. கல்வராயன் மலைவாழ் மக்களுக்கு இந்த நயன்மை என்றேனும் கிடைத்ததா?

அம்மலை மூன்று சாகீர்தாரர்களின் ஆட்சியில் கிடந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்து, 1976-இல்தான் அம்மலை அரசின் நேர் ஆட்சிக்கு வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஓரடி நிலங்கூட இல்லை. ஆதலால் அட்டவணைப் பகுதிகளில் ஊரவைக்கு மிகுந்த உரிமை தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் இம்மலைக்குப் பொருந்தவில்லை. 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின்னர்தான், சென்னை உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்வைப் பற்றித் தானே முன்வந்து வழக்கெடுத்தது. உயிர் போனால்தான் மலைமேல் பார்வை விழும் என்றால், நீர் போனால் எப்பொழுது விழும்?

இப்பொழுது பொருளின் கணக்கைப் பார்ப்போம். உள்ளாட்சி, நீர், பொது நலவாழ்வும் துப்புரவும் ஆகிய மூன்றும் அரசமைப்புச் சட்டத்தின்படி மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் திருத்தம், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பணிகளைப் பட்டியலிட்டது. சிறுபாசனம், நீர்மேலாண்மை, நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு, குடிநீர், துப்புரவு யாவும் அப்பட்டியலில் உள்ளன. பணியைக் கொடுத்தார்கள், பணத்தைக் கொடுத்தார்களா?

பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரையான ஐந்தாண்டுகளுக்கு நாடு முழுவதுமுள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி உருபாவைப் பரிந்துரைத்தது. தொகை பெரிது. ஆனால், 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஊரக மக்கள் 83 கோடிக்கு மேற்பட்டோர். வகுத்துப் பாருங்கள்: ஆளொருவர்க்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 570 உருபா. அதில் 60 விழுக்காடு நீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. அக்கட்டிலும் பாதிதான் குடிநீர், மழைநீர்ச் சேமிப்பு, நீர் மறுபயன்பாடு ஆகியவற்றுக்கு. அஃதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 170 உருபா. நாளொன்றுக்கு 47 காசு! இந்த 47 காசும் ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் என்னும் மூன்று கைகளுக்குப் பங்காயிற்று. இதைக் கொண்டு மலையூரின் ஊற்றைக் காக்கவும், சுனையைத் தூர்வாரவும், குடிநீரை ஆய்ந்து பார்க்கவும் வேண்டியிருந்தது.

இதே நாட்டில் 2015-இல் கங்கைக்கு மட்டும் ‘நமாமி கங்கே’ என்னும் பெயரில் ஐந்தாண்டுக்கு 20,000 கோடி உருபா ஒதுக்கப்பட்டது. முழுச் செலவும் நடுவணரசினுடையது. மற்ற ஆறுகளுக்குரிய தேசிய ஆற்றுப் பாதுகாப்புத் திட்டத்திலோ நடுவண் 60, மாநிலம் 40 என்று பங்கு. கங்கை தூய்மையாவதை நாம் வெறுக்கவில்லை. அக்கரையிலும் உழைக்கும் மக்களே வாழ்கின்றனர். ஆனால், கங்கைக்கு ஒரு நயன்மை, காவிரிக்கும் வெள்ளாற்றுக்கும் வேறொரு நயன்மையா? நடுவண் வரித்தொகுப்பில் மாநிலங்களுக்குப் பகிரும் பங்கில், ஒன்பதாம் நிதிக்குழுக் காலத்தில் தமிழ்நாட்டிற்கு 7.931 விழுக்காடு இருந்தது. பதினைந்தாம் நிதிக்குழுக் காலத்தில் அது 4.079. குறைந்த பங்கிலிருந்து வரும் பொருளும் வெறுங்கையோடு வருவதில்லை. ‘சல் சீவன்’, ‘சுவச் பாரத்’ என்று இந்திப் பெயர்ப்பலகையைச் சுமந்துகொண்டு வருகின்றது. குடிநீர்த் திட்டத்தில் பாதிப் பணம் தமிழ்நாட்டினுடையது. ஊருக்குள் போடும் குழாய்ப் பணிக்கு ஊர்மக்கள் பத்திலொரு பங்கும், மலையூரார் இருபதிலொரு பங்கும் தரவேண்டும் என்பது நெறிமுறை. பணம் நம்முடையது, குழாய் நம்முடையது, நீர் நம்முடையது. பெயர் மட்டும் ஏன் அவர்களுடையது?

தில்லியைக் குறைசொல்லிவிட்டுச் சென்னையை விட்டுவிட்டால் நாம் நேர்மையுடையார் ஆகமாட்டோம். 2016 அக்தோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. அப்பொழுது நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்ற ஆணையால் நின்றது. அதன்பின் இழுத்தடித்து இழுத்தடித்து, பிற மாவட்டங்களில் 2019 திசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தது. கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்தோபரில்தான் நடந்தது. முழுதாய் ஐந்தாண்டு! ஓர் உள்ளாட்சியின் முழு வாழ்நாள் அளவுக்கு இம்மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஊராட்சித் தலைவர் ஒருவரும் இல்லை. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று சொல்லி நடுவணரசு நல்கையை நிறுத்தி வைத்தது. தேர்தலை நடத்தாதவர் ஒருவர். பணத்தை நிறுத்தியவர் மற்றொருவர். நீருக்கு அலைந்தவள் நம் தாய். பிற மாவட்டங்களில் 2025 சனவரி 5-இல் ஊரக உள்ளாட்சிகளின் காலம் மீண்டும் முடிந்தது. தேர்தல் நடவாமல் அவை தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நம் மாவட்டத்து ஊராட்சிகளின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்தோபர் வரை. ஐந்தாண்டுக்குள் தேர்தல் நடந்தே தீரவேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்வது ஏட்டளவில் நின்றால், உள்ளாட்சிக்கு நிதி கேட்பதும் ஏட்டளவில்தான் நிற்கும்.

ஊரார் நீரை ஆள்வது தமிழனுக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. அஃது ஒரு பார்ப்பன ஊர்; நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கே இடம் இருந்தது; உழைத்தவனுக்கும் பெண்ணுக்கும் ஓலை இல்லை. அந்தக் குறையை நாம் மறைக்க வேண்டா. ஆனால், ஏரிக்கென ஒரு தனி வாரியம், அதற்கென ஆண்டுக்காலம், கணக்கு, பொறுப்பு என்னும் அமைப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் இருந்தது. வெள்ளையர் வந்தபின் ஏரிகள் அரசுத்துறையின் உடைமையாயின. மக்கள் தாமே செய்துவந்த குடிப்பணியை 1858-இல் சட்டம் போட்டுக் கட்டாய உழைப்பாக்கினர். உரிமையைப் பறித்துக்கொண்டு கடமையை மட்டும் விட்டுவைத்தனர். இன்று 100 ஏக்கருக்கு மேல் பாயும் ஏரி நீர்வளத்துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு, மலை வனத்துறைக்கு, கழிவுநீர் பேரூராட்சிக்கு, மாசு 1982-இல் அமைந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. ஒரே தாரை நீருக்கு ஐந்து உடையவர்கள். உடையவர் பலரானால் காப்பவர் எவரும் இலர்.

ஆதலால் நாம் கேட்பவை இவை:

முதலாவது, உள்ளாட்சித் தேர்தல் ஒருநாளும் தவறாமல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடைபெற வேண்டும். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னரே.

இரண்டாவது, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்தில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குப் பகிரும் முறை தமிழ்நாட்டில் வேரூன்றியது. அப்பங்கு உயர வேண்டும். மக்கள்தொகையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் மலை ஒன்றியம் என்றும் தோற்கும். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை ஒன்றியத்தில் மக்கள் குறைவு. ஆனால் அவர்கள் காக்கும் நீர் கடல்வரை போகின்றது. நீர்ப்பிடிப்புப் பரப்பும் பங்கீட்டில் எண்ணப்பட வேண்டும்.

மூன்றாவது, கடற்கரை மீட்புக்கென வரும் பொருளில் ஒரு பகுதி, அக்கடலில் விழும் ஆறுகளின் தலைப்பிலுள்ள ஊராட்சிகளுக்கு வர வேண்டும். கல்வராயன் மலை முதல் பரங்கிப்பேட்டை வரை வெள்ளாற்றுப் படுகையின் உள்ளாட்சிகள் ஓரவையாய்க் கூடி, ஒரே கணக்காய்ச் செலவிட வேண்டும். அவ்வவையில் மீனவர்க்கும் உழவர்க்கும் மலைவாழ் மக்களுக்கும் ஒத்த இடம் வேண்டும்.

நான்காவது, கங்கைக்குச் செய்தது போன்றே தமிழ்நாட்டு ஆறுகளுக்கும் நடுவணரசு முழுப் பொருளும் தரவேண்டும். அல்லது நம்மிடம் வாங்கும் வரியைக் குறைத்துக்கொண்டு, நம் ஆற்றை நாமே காக்க விட்டுவிட வேண்டும்.

ஐந்தாவது, திட்டத்தின் பெயரும், மதிப்பீடும், செலவும், நீராய்வு முடிவும் தமிழில் எழுதி ஊர்ச்சாவடியில் ஒட்டப்பட வேண்டும்.

தோழர்களே! கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் ஊரவை கூட வேண்டும் என்பது 2022 முதல் தமிழ்நாட்டில் ஏற்பட்ட முறை. மார்ச்சு 22 உலக நீர் நாள். நம் இயக்கத்தார் எத்தனை பேர் அந்த அவையில் எழுந்து நின்று, “நீருக்கென வந்த தொகை எவ்வளவு? செலவு எவ்வளவு? எந்தக் கிணற்று நீர் ஆய்வு செய்யப்பட்டது? அதில் நைட்ரேட்டு உப்பு எவ்வளவு?” என்று கேட்டிருக்கின்றோம்? நீராய்வுக் கருவியைக் கையாள ஊருக்கு ஐந்து பெண்கள் பயிற்சி பெற வேண்டும் என்பது குடிநீர்த் திட்டத்தின் விதி. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று கேளுங்கள். ஐவர் இல்லையெனில் உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள். கச்சிராயபாளையத்தார் வடக்கனந்தல் பேரூராட்சி மன்றத்தில் இதையே கேளுங்கள். முடிவுகள் தமிழில் எழுதப்படுகின்றனவா என்று பாருங்கள். புரியாத சொல் வந்தால் விடாதீர்கள், புரியும் சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். தனித்தமிழ்ப் பணி ஊரவைக் குறிப்பேட்டிலும் நடக்கட்டும்.

கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். முகில் எடுத்த நீரைத் திருப்பித் தராவிட்டால் பெருங்கடலும் வளம் குன்றும் என்பது அவர் கண்ட உண்மை. முகில் தன் கடனைத் தவறாமல் செய்கின்றது. அது கல்வராயன் மலையில் இறக்கி வைக்கும் நீரை மாசின்றிக் கடலுக்குக் கொண்டு சேர்ப்பது நம் கடன். அந்தக் கடனைச் செய்யும் உரிமையும் பொருளும் ஊரார் கைக்கு வரும்வரை நாம் ஓயலாகாது. வரும் ஊரவை நாளில், இந்த ஐந்து கோரிக்கைகளையும் உங்கள் ஊர் முடிவாக எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள் என்று கேட்டு அமைகின்றேன்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் நீருரிமை!